பாறையில் கார் மல்லாந்து விழுகிறதா?

பாறையேறும் ரிமோட் கார், அதாவது ராக் கிராலர், சரிவில் பாதி ஏறிப் பின்பக்கமாகக் கவிழ்ந்தால் பலரும் வேகமான மோட்டாரைத் தேடுகிறார்கள். அது வீண் செலவு. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10, ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 போன்ற 1/10 அளவு கார்களில் குறைவது பெரும்பாலும் விசையல்ல. செங்குத்தில் எடை பின்சக்கரங்களுக்குப் போய்விட, முன்சக்கரங்கள் பிடியிழக்கின்றன. எனவே முதலில் முன்சக்கரங்களுக்குள் பித்தளை எடைகளைப் பொருத்துங்கள். அங்கே சேரும் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் அதனால் கார் கூடுதலாகச் சாய்வதில்லை. பேட்டரியை முன்பக்கம், முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். கூரைமேல் உள்ள லக்கேஜ் கேரியரைக் கழற்றுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் உயரத்தில் சேரும் சிறு எடையும் கவிழ்த்துவிடும்.

எடை கூடினால் மோட்டார் திணறாதா? நியாயமான கேள்வி. மோட்டார் தண்டில் பல் குறைந்த பினியன் (சிறு பல்சக்கரம்) மாட்டுங்கள்: வேகம் குறையும், இழுவை கூடும், மோட்டாரும் அவ்வளவு சூடாகாது. உண்மையான சுமை முன்சக்கரங்களைத் திருப்பும் செர்வோவுக்குத்தான். அதை வலுவானதாக மாற்றுங்கள்.

பெரிய டயர் போட்டால் அடிப்பாகம் பாறையில் தட்டாது என்பார்கள். சரிதான், ஆனால் காரின் ஈர்ப்பு மையமும் உயரும். அதே அளவில் மிருதுவான ரப்பர் டயரை வாங்கி, உள்ளே மெத்தென்ற ஸ்பாஞ்ச் வையுங்கள். பாறை விளிம்பில் அழுந்திப் படியும். காற்றுத் துளை அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள்; உள்ளே சிக்கிய காற்று டயரை விறைப்பாக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பாறையில் ஏற்றிப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் ஏறாவிட்டால் மட்டும் மோட்டாருக்குச் செலவழியுங்கள்.