கணக்குக் கேட்பது அவிசுவாசமா?

(வேதபாடம்: 2 கொரிந்தியர் 8:16-22)



சென்ற வருஷம் நம் சபைச் சகோதரிகள் கைப்பிடி அரிசி எடுத்து, விற்றுச் சேர்த்த 18,000 ரூபாய் என் பொறுப்பில் இருந்தது. அந்தச் சமயத்தில் வெளிமாவட்டத்துப் பிள்ளைகள் இல்லம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. மெலிந்த பிள்ளைகளின் படங்கள், உருக்கமான ஜெப வார்த்தைகள், கடைசியில் வங்கிக் கணக்கு எண். அந்தக் கணக்கு இல்லத்தின் பெயரில் இல்லை, தனி ஆள் ஒருவர் பெயரில் இருந்தது. எனக்கு உறுத்தியது. ஒரு சகோதரியோ, "ஐயா, ஏழைக்குக் கொடுக்க இவ்வளவு யோசிக்கலாமா? கொடுத்துட்டு கர்த்தர் கையில விட்டுடுவோம்" என்றார்கள்.

பவுலும் கர்த்தர் கையில் விட்டவர்தான். ஆனாலும் எருசலேமுக்கான தர்மப்பணத்தை அவர் ஒற்றை ஆளாய்த் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் இன்னொருவரையும் சேர்த்து அனுப்புகிறார். மனுஷர் பார்வையிலும் காரியம் சுத்தமாயிருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். அப்போஸ்தலனே சாட்சி வைத்துக்கொண்டபோது, நாம் கேட்டால் அவிசுவாசமா?

சிலர் 2 இராஜாக்கள் 12:15-ஐக் காட்டி, யோவாஸ் நாட்களில் கணக்கே கேட்கவில்லையே என்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் அங்கே பழுதுபார்த்த ஆலயம் எல்லார் கண்முன்னாலும் நின்றது. கொஞ்சம் மேலே வாசியுங்கள். பெட்டியில் விழுந்த பணத்தை ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1989-ல் ஜான் பென்னட் என்பவர் பென்சில்வேனியாவில் 'நியூ இரா' என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கினார். பணத்தைச் சில மாதம் வைத்தால், பெயர் சொல்ல விரும்பாத தனவான்கள் அதை இரட்டிப்பாக்கித் தருவார்கள் என்றார். மிஷனெரி ஸ்தாபனங்களும் கிறிஸ்தவக் கல்லூரிகளும் நம்பிப் போட்டன. அப்படி ஒரு தனவானும் இல்லை. பிந்தி வந்தவர் பணம் முந்தி வந்தவருக்குப் போயிற்று, அவ்வளவுதான். இதை வெளியே கொண்டுவந்தவர் ஆல்பர்ட் மேயர், மிச்சிகனில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் கணக்கியல் ஆசிரியர். அவர் தரிசனம் ஒன்றும் காணவில்லை. ஸ்தாபனம் அரசுக்குக் கொடுத்த வரிக்கணக்கை வாங்கிப் பார்த்தார். அவ்வளவு பணம் இருந்தால் வர வேண்டிய வட்டி அதில் இல்லை! அவருடைய கல்லூரியே அங்கே பணம் போட்டிருந்தது, எச்சரித்தும் மேலிடத்தார் கேட்கவில்லை. 1995 மே மாதம் ஸ்தாபனம் திவாலாயிற்று. 1997-ல் பென்னட்டுக்கு 12 வருஷச் சிறை.

நான் அந்த இல்லத்துக்கு எழுதி மூன்று காகிதங்கள் கேட்டேன்: டிரஸ்ட் பத்திரம், மூன்று வருஷ ஆடிட்டர் அறிக்கை, 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி செய்த பதிவு. பிள்ளைகள் இல்லத்துக்கு இந்தப் பதிவு கட்டாயம், இல்லாமல் நடத்துவது குற்றம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ஆடிட்டர் அறிக்கை கிடைத்தால் பயப்படாதீர்கள். சாப்பாட்டுச் செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளைக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். அரிசி தானமாக வருகிற இடத்தில் தொகை குறையும், அதையும் கேளுங்கள். காரும் கட்டடமும் சாப்பாட்டை விழுங்கியிருந்தால் அங்கேயே தெரிந்துபோகும்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு போன் வந்தது. ஊழியக்காரரைச் சோதிக்கிறீர்களா என்று ஒரே கோபம். காகிதம் மட்டும் வரவேயில்லை.

நாலாம் மாதம் நம் மாவட்டத்திலேயே உள்ள ஓர் இல்லத்துக்குச் சொல்லாமல் போய் நின்றோம். அங்கிருந்த அம்மா பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் வைத்தார்கள். "கேக் கொண்டு வருவாங்க, போட்டோ எடுப்பாங்க. கணக்குக் கேட்டது நீங்கதான் முதல்ல" என்று சிரித்தார்கள். யோசிக்கலாமா என்று என்னைக் கேட்ட அதே சகோதரிதான் உட்கார்ந்து மளிகை நோட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். 40 ரூபாய் கூட்டல் பிழை ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். இல்லத்தின் பெயரிலேயே செக் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினோம்.