அம்மாளுவை ஏன் எழுத வேண்டும்?

கேள்வி: என் மகள் கல்லூரியில் தமிழ் படிக்கிறாள். அவள் மேசையில் கிடந்த தொகுப்பில் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையைப் படித்தேன். இரண்டு நாள் மனசே சரியில்லை. நேர்மையாக உழைத்துப் பிழைக்கும் பெண்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, வழி தவறியவளைத் தேடிப்பிடித்து எழுதுவானேன்? பிள்ளைகளுக்கு நல்லது சொல்ல வேண்டியவர்கள் அல்லவா எழுத்தாளர்கள்?

– ஒரு வாசகி, தென்காசி

பதில்: அம்மா, உழைத்துப் பிழைக்கும் பெண்ணைத்தான் புதுமைப்பித்தன் எழுதியிருக்கிறார். அம்மாளு மில் கூலி. பகலெல்லாம் ஆலையில் நின்றவள். புருஷன் ஜட்கா ஓட்டுகிறவன். வண்டி கவிழ்ந்து அடிபட்டுக் கிடக்கிறான். பால்கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசில்லை. இருட்டில் ஒரு சந்துக்குள் போய், முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். இவ்வளவுதான் கதை, மூன்று நான்கு பக்கம். நீங்கள் போற்றும் நேர்மையும் உழைப்பும் அவளிடம் குறைவில்லாமல் இருந்தன. ஒரு வேளைப் பாலுக்கு அவை போதவில்லை. இதைச் சொல்லத்தான் அவள் தேவைப்பட்டாள்.

அவளைத் தெய்வப் பெண்ணாக்கி, கடைசி நிமிடத்தில் ஒரு தர்மப்பிரபு வந்து பணம் கொடுத்ததாக முடித்திருக்கலாம். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். அந்தச் சந்து அப்படியே இருந்திருக்கும்.

கெட்டவர்களைப் பற்றியும் இதே பேச்சுதான். தப்பு செய்தவனை அரக்கனாக எழுதிவிட்டால் படிக்கிற நமக்கு எந்தச் சங்கடமும் இல்லை. நாம் அரக்கர் இல்லையே. ஜெயகாந்தன் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. 1966-இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண்ணின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் அணைத்துக்கொள்ளும் கதை. கடும் எதிர்ப்பு எழுந்தது. தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? அதை அவர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நாவலாகவே எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

அந்த நாவலில் என்னை இன்றும் தொந்தரவு செய்கிறவன் பிரபு, நாயகி கங்காவைக் கெடுத்தவன். பல வருஷம் கழித்து அவள் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது நாம் ஒரு பாதகனை எதிர்பார்க்கிறோம். வருகிறவனோ வீட்டில் மதிப்பில்லாத, தன்மேலேயே மரியாதை இல்லாத பலவீனமான மனிதன். அவன் செய்தது அதனால் ஒரு துளியும் சிறிதாகவில்லை. ஆனால் இப்படியொருவனை நம் உறவிலேயே பார்த்திருக்கிறோமே என்று நெஞ்சில் உறைக்கிறது. கொடுமை செய்கிறவன் கொம்போடு வருவதில்லை என்று மகளுக்குச் சொல்லித்தர, நீதிக்கதையைவிட இந்த நாவல் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது புதுப்பழக்கமும் இல்லை. கம்பருக்கு இராமன் கடவுள். அந்தக் கடவுள் மறைந்து நின்று அம்பெய்த இடத்தை அவர் மூடி மறைக்கவில்லை. நெஞ்சில் தைத்த அம்பில் இராமன் பெயரைப் படித்த வாலிக்கு, வாய் நிறையக் கேள்வி கேட்கப் பாட்டுக்குமேல் பாட்டாக இடம் கொடுத்தார். வாலி கடைசியில் இராமனை வணங்கி ஏற்றுக்கொள்கிறான். என்றாலும் அவன் கேட்டது கேட்டதுதான். பட்டிமன்றங்களில் இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருட்டை விற்கிற கதைகளும் உண்டு. முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் பிணத்தைக் கிடத்துவார்கள். துப்பறிகிறவனுக்கு வேலை வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அங்கே இடமிருக்காது. அவளுக்கு என்ன பிடிக்கும், அவள் சாவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் கடைசிவரை தெரியாது. அந்த வகையை உங்கள் மகள் படிக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. அடிபட்டவரின் வலி கதையில் எவ்வளவு தூரம் கூட வருகிறது என்று பாருங்கள். நான் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது அதை வைத்துத்தான்.

‘பொன்னகர’த்தை இன்னொரு முறை, இந்தத் தடவை மகளோடு உட்கார்ந்து, வாய்விட்டுப் படியுங்கள். அம்மாளு செய்தது சரியா என்று அவளிடம் கேட்காதீர்கள். அந்த முக்கால் ரூபாயை அன்றிரவு அம்மாளுவுக்கு யார் கொடுத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். மகள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.