வாடகை வீடு: அளந்து பார்த்து அட்வான்ஸ் கொடுப்போம்



கால் முடியாத நம் சகோதரிக்கு வீடு தேடும்போது வாடகையைத்தான் முதலில் கேட்கிறோம். குடிபோன பிறகுதான் கழிப்பறை வாசலில் சக்கர நாற்காலி நுழையவில்லை என்று தெரிகிறது. அப்புறம் தினமும் கையை ஊன்றித் தவழ்ந்துதான் போகணும். வாடகையில் மிச்சமாகும் 200 ரூபாய் அவருடைய மானத்துக்கு ஈடாகுமா?

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப் வைத்து அளப்போம்.

1. வாசல்: கழிப்பறைக் கதவு உட்பட 3 அடி அகலம் நல்லது. குறைவாக இருந்தால் அவருடைய நாற்காலியையே உருட்டிப் பார்க்கணும்.

2. படி: 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம் சாய்தளம் வேண்டும். 6 அங்குலப் படி என்றால் 6 அடி. அதற்கு இடம் இருக்கா?

3. தண்ணீர்: உட்கார்ந்தபடியே குழாய் எட்டுதா?

சாய்தளம், கைப்பிடி வைக்க வீட்டுக்காரரின் சம்மதத்தையும், செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். அதில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது.

சொந்த வீட்டுக்கும் வழி உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசின் வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனச் சான்று தேவை. இதில் பெண்களுக்கு முன்னுரிமை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிப்போம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:
- நம் தெருவில் படியில்லாத வீடு எது?
- வீடு பார்க்க அவரோடு யார் போவது?
- சாய்தளம் கட்ட உள்கடன் தரலாமா?