நின்றுபோன காரில் கை வைக்கும் முன்

வாட்டர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். காரைக்காலில் நம்மிடம் வருகிற கார்களில் பல, மாதக்கணக்கில் ஓடாமல் நின்றவை. பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். அடுத்த விடுமுறை வரை கார் வாசல் வேப்பமரத்தடியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அதற்குள் என்னென்னவோ குடியேறியிருக்கும். உங்கள் உடம்பை முதலில் பாருங்கள், வண்டியைப் பிறகு பார்க்கலாம்.

1. சாவி கைக்கு வந்ததும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நம் ஊரைச் சுற்றி வயல். அறுவடை முடிந்ததும் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். டார்ச் அடித்து வண்டிக்கு அடியிலும் மட்கார்டு உள்பக்கமும் பாருங்கள். கண்ணாடிக் கூட்டுக்குள்ளும் கதவுக் கைப்பிடிக்குப் பின்னாலும் குளவி கூடு கட்டியிருக்கும். பானெட்டைத் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள். பாம்பு தெரிந்தால் விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், கோலை எடுக்காதீர்கள். எலி கடித்த ஒயர் இருந்தால் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

2. எலிப் புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். காற்றுக் குழாயால் ஊதுவதும் வேக்குவம் போடுவதும் அதைவிட மோசம். காய்ந்த மூத்திரமும் புழுக்கையும் தூளாகி நேராக உங்கள் மூக்குக்குள் போகும். நான்கு கதவையும் டிக்கியையும் திறந்துபோட்டு அரை மணி நேரம் தள்ளி நில்லுங்கள். ரப்பர் கையுறை, என்-95 மாஸ்க் போடுங்கள். காலில் செருப்பு போதாது, மூடிய பூட்ஸ் வேண்டும். கால் வெடிப்பும் சிராய்ப்பும் கிருமிக்குத் திறந்த வாசல். பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து அழுக்கின் மேல் நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு தாளால் வழித்தெடுத்து, பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். பிளீச் துணி சீட்டின் நிறத்தை எடுத்துவிடும், இரும்பையும் அரிக்கும். ஆகவே உலோகத்தில் பட்டதை உடனே நல்ல தண்ணீரால் துடையுங்கள். துணி சீட்டுக்கு சோப்புத் தண்ணீர் போதும்.

3. பிளீச்சோடு ஆசிடையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய காருக்குள் அது ஆளையே கொன்றுவிடும்.

4. இனி வெளிப்பக்கம். கடற்காற்றில் வரும் உப்பு பெயின்ட் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாஞ்சூர்ப் பக்கத்து வண்டிகளில் துறைமுகத்து நிலக்கரித் தூசியும் சேரும். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தாலும் கீறல்தான். டாப்பிலிருந்து கீழே வரை தண்ணீரை மட்டும் நிறைய ஓட விடுங்கள், ஷாம்பு அதற்கப்புறம். கடலோரத்தில் பல போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, உப்பென்றால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பிடியுங்கள். அடிப்பக்கத்தைக் கழுவாமல் விட்ட வேலையை நான் வேலையென்று ஒத்துக்கொள்வதில்லை. துரு அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதற்காக ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நிற்கும் பள்ளத்தையும் கவனியுங்கள். வேப்பிலையும் வேப்பம்பூவும் அங்கே மட்கிச் சேறாகி, தண்ணீர் வடியும் துளையை அடைத்திருக்கும். ஐப்பசி மழை வந்ததும் அந்தத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கி கால்மிதிக்கு அடியில் தேங்கும். கையுறைக் கையால் அள்ளிப் போடுங்கள், குச்சியால் குத்தி உள்ளே தள்ளாதீர்கள்.

5. காக்கை எச்சம் பெயின்டை அரிக்கும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

6. சீட்டிலும் சீட் பெல்ட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் அதையும் மாஸ்க்கோடு, ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து வெயில் காட்டுங்கள். ஏசி பில்டரை மாற்றாமல் ஏசியைப் போட்டால் எடுத்த பூஞ்சையெல்லாம் மறுபடி சீட்டுக்கே வரும்.

7. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் ஒயர் முதலில். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. வண்டியைக் கொடுக்கும் முன் தெருவிலேயே மெதுவாக உருட்டி பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். நின்ற வண்டியின் டிஸ்க் துருப்பிடித்திருக்கும்.

8. வெள்ளத்தில் நின்ற காரென்று தெரிந்தால் கழுவ ஒத்துக்கொள்ளாதீர்கள். 2004 சுனாமியும் 2018 நவம்பர் கஜா புயலும் கண்ட கரை இது. தண்ணீர் புகுந்த இன்ஜினில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் போய்விடும். முதலில் மெக்கானிக், இன்சூரன்ஸ் ஆட்கள்.

9. எலி அடைந்த காரைச் சுத்தம் செய்தபின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருந்துக்கடை மாத்திரையில் நாளைக் கடத்தாதீர்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தொடக்கத்தில் பிடித்தால் ஆன்டிபயாடிக்கில் சரியாகும். விட்டால் சிறுநீரகம், கல்லீரல் வரை போகும். அரசு மருத்துவமனைக்குப் போய், எலி இருந்த காரைக் கழுவினேன் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.