விபத்து வழக்கு: யாரை வக்கீலாக வைப்பது?

கேள்வி: நெய்யாற்றின்கரை தாலுகா கோட்டுகாலில் இருக்கிறோம். என் கணவர் கொத்தனார், வயது 38. இரண்டு மாதம் முன்பு மார்த்தாண்டத்தில் வேலை முடித்து, கூட்டாளியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு மினி லாரி மோதிவிட்டது. வலது கால் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஒருவர் வந்து, "கையிலிருந்து ஒரு பைசா தர வேண்டாம், கிடைக்கும் நஷ்டஈட்டில் 25 சதவீதம் போதும்" என்று சொல்லி நாலைந்து தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார். இப்போது பாஸ்புக்கும், கையெழுத்துப் போட்ட செக்கும் கேட்கிறார். வக்கீல் யாரென்று நாங்கள் பார்த்ததே இல்லை. விபத்து தமிழ்நாட்டில் நடந்ததால் குழித்துறையில்தான் கேஸ் போட முடியுமாம். போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா? நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, கோட்டுகால்

பதில்: சகோதரி, முதல் வேலையாக அந்தச் செக்கைக் கொடுக்காதீர்கள். பாஸ்புக்கின் அசலையும் கொடுக்காதீர்கள். வழக்குக்குத் தேவைப்படுவது வங்கிக் கணக்கு விவரமும் பாஸ்புக் முதல் பக்கத்தின் நகலும் மட்டும்தான். மற்றதையெல்லாம் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

நம் நாட்டில் எந்த வக்கீலும் "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று கட்டணம் பேசக் கூடாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. அமெரிக்காவில் அந்த முறை உண்டு; இங்கே அது தொழில் ஒழுங்கீனம். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. தெலங்கானாவில் ஒரு பெண்ணின் கணவர் விபத்தில் இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கை நடத்திய வக்கீல் கட்டணமாகப் பெருந்தொகை வாங்கியதோடு நிற்காமல், இன்னொரு செக்கிலும் கையெழுத்து வாங்கினார். அது பணமில்லாமல் திரும்பியதும் அந்தப் பெண் மீதே செக் வழக்கைப் போட்டார். சதவீதக் கட்டணம் பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அந்தச் செக் வழக்கை ரத்து செய்தது. உங்களிடம் இப்போது கேட்பதும் அதே மாதிரி ஒரு செக்தான்.

நஷ்டஈட்டுத் தொகை வக்கீல் கை வழியாக வர வேண்டிய அவசியமும் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் பணம் போகும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. ஆகவே உங்கள் வக்கீலிடம், "தொகை நேராக எங்கள் கணக்குக்கு வரும்படி மனுவில் கேட்பீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள். நேர்மையானவர் உடனே சரி என்பார்.

வார்டுக்கு ஆள் அனுப்பி வழக்குப் பிடிப்பதும் பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானதே. வலியில் கிடக்கிறவரிடம் தாளை நீட்டுகிற தரகரை நம்பியிருந்தால், கேஸை அவருக்கு ஏற்றபடி வளைக்கும் ஆபத்தும் உண்டு. மோதாத வண்டியை மோதியதாகக் காட்டுவது, வராத ஆளைச் சாட்சியாக்குவது எல்லாம் நடக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் போலி நஷ்டஈட்டு வழக்குகள் அம்பலமானபோது, 2021-இல் பார் கவுன்சில் 28 வக்கீல்களைத் தற்காலிகமாக நீக்கியது. உண்மையான காயம் பட்டவரின் மனுவில் ஒரே ஒரு பொய் நுழைந்தாலும் காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ளும். கால் உடைந்தது உண்மை என்பதும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

குழித்துறையில்தான் போட வேண்டும் என்று அந்தத் தரகர் சொன்னது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவுப்படி விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம், எதிர்மனுதாரர் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். எந்த இடம் என்பது உங்கள் விருப்பம். கோட்டுகால்காரர்களுக்கு நெய்யாற்றின்கரையிலேயே மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. கம்பி வைத்த காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் எல்லை தாண்டி அலைய வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தமிழ்நாட்டு ஸ்டேஷனில் பதிவாகியிருப்பது இதற்குத் தடையில்லை. ஆனால் அங்கிருந்து காகிதங்களை வாங்கி வர வேண்டும். அதனால் அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வரத் தயங்காத வக்கீலாகப் பாருங்கள். எல்லையில் இருக்கிற நமக்கு இது முக்கியம்.

இனி, நல்ல வக்கீல் யார் என்பதற்கு வருகிறேன். முதல் சந்திப்பிலேயே "பத்து லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று தொகை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். காகிதம் கேட்கிறவரிடம் போங்கள். எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில்கள், இரண்டு வண்டிகளின் ஆர்.சி. மற்றும் இன்சூரன்ஸ் நகல் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இரண்டு வண்டி என்பதைக் கவனியுங்கள். உங்கள் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்தவர், வண்டி ஓட்டவில்லை. லாரி, பைக் இரண்டின் ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தால், முழுத் தொகையையும் எந்தத் தரப்பிடமிருந்தும் அவர் கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் பைக்குக்குச் சட்டப்படி கட்டாயமான குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னிருக்கைக்காரருக்கு அது உதவாது. இந்தப் பாலிசியைப் பிரித்துப் படித்துவிட்டு யாரை எல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்று சொல்பவருக்கு இந்த வேலை தெரியும்.

அடுத்து அவர் உங்கள் கணவரின் வேலையைப் பற்றி விசாரிக்கிறாரா என்று பாருங்கள். சாரத்தில் ஏற முடிகிறதா, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை பூச முடிகிறதா, சிமென்ட் சட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடிகிறதா? வழக்கின் பெருந்தொகை இந்தப் பதில்களில்தான் இருக்கிறது. மருத்துவக் குழு ஊனத்தை 15 சதவீதம் என்று எழுதலாம். அது உடலின் கணக்கு. அந்த ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பது வேறு கணக்கு. அதைத் தொழிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு 15 சதவீதம் 15-ஆகவே நிற்கலாம், கொத்தனாருக்கு 25-ஆகலாம்.

உதாரணத்துக்குச் சொல்கிறேன். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் ஆண்டுக்கு 1,80,000. 36 முதல் 40 வயது வரை பெருக்க வேண்டிய எண் 15. பெருக்கினால் 27 லட்சம். இழப்பு 15 சதவீதம் என்றால் 4,05,000 ரூபாய். 25 சதவீதம் என்றால் 6,75,000. இதே காலுக்கு 2,70,000 ரூபாய் வித்தியாசம். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். 40 வயதுக்குக் கீழே இருப்பதால், நிரந்தர ஊனத்தின் தன்மையைப் பொறுத்து வருமானத்தில் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்த்துக் கேட்கவும் வழி உண்டு. சம்பளச் சீட்டு இல்லாத கூலி வேலைக்காரர் என்பதால் வருமானம் குறைவாக மதிப்பிடப்படும் அபாயம் இருக்கிறது. அதைத் தடுக்க, வேலை கொடுத்த மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைப்பாரா, மருத்துவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பாரா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

பேச்சை நம்புவதைவிட நேரில் பார்ப்பது நல்லது. தீர்ப்பாயம் திறந்த நீதிமன்றம். யாரும் உள்ளே போய் உட்காரலாம். ஒரு காலை நேரம் அங்கே இருந்தால் யார் தானே எழுந்து சாட்சியை விசாரிக்கிறார், யார் ஜூனியரை விட்டு வாய்தா மட்டும் வாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். பிடித்தவரிடம் கட்டணத்தை ஒரு தொகையாகப் பேசி, எழுத்தில் வாங்குங்கள். தவணையாகக் கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள்.

போட்ட கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வக்காலத்து என்பது நீங்கள் கொடுத்த அதிகாரம். நீங்களே ரத்து செய்யலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் கணவரின் பெயரைப் போட்டுத் தேடி, குழித்துறையில் ஏற்கெனவே மனு தாக்கலாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், வக்காலத்தை ரத்து செய்வதாகவும், கையெழுத்திட்ட தாள்களைத் திருப்பித் தரும்படியும் கணவர் பெயரில், தரகரிடம் பெயரும் முகவரியும் கேட்டு, அந்த வக்கீலுக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். தாக்கலாகியிருந்தால், புதிய வக்கீல் பழையவரின் சம்மதத்தோடோ நீதிமன்ற அனுமதியோடோ வழக்கை ஏற்கலாம். கட்டணப் பாக்கிக்காக வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. மறுத்தால், அவர் எந்த மாநிலத்தில் பதிவு செய்தவரோ அந்த மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுங்கள்.

காலம் முக்கியம். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தாலும், அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். போலீசார் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை தர வேண்டும். அதில் வண்டி எண்ணும் உங்கள் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்தார் என்பதும் சரியாக இருக்கிறதா என்று வக்கீல் இப்போதே பார்க்க வேண்டும்.

கட்டணத்துக்கு வழியில்லை என்றால் நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். ஊனமுற்றவருக்கும், வருமான வரம்புக்குள் வருகிறவருக்கும் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டது. இந்த வாரமே கிளம்புங்கள்.