தெருவை முற்றமாக்கிய நாடு

‘ஆறு’ என்னும் சொல் தமிழில் நீர் ஓடும் நெறியையும் மக்கள் நடக்கும் வழியையும் ஒருங்கே குறிக்கும். பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் இலக்கிய வகை ஆற்றுப்படை எனப் பெயர் பெற்றமை மாணவர் அறிந்ததே. தேரும் வண்டியும் அவ்வழியே சென்றன எனினும், வழி என்றவுடன் நம் முன்னோர் நெஞ்சில் தோன்றியவன் நடப்பவனே. இன்று அவன் சாக்கடை மூடியின்மேல் ஒதுங்கி நிற்கிறான்.

மிதிவண்டி நாடு என்று நெதர்லாந்து புகழப்படுகிறது. அஃது அம்மக்களின் பிறவிப் பண்பு எனக் கருதுவார் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் செல்வம் பெருகிற்று, கார்கள் பெருகின, மிதிவண்டி பின்தள்ளப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் 1971ஆம் ஆண்டு மட்டும் சாலையில் மாண்டோர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவருள் நானூறு பேருக்கு மேல் சிறுவர். மகளை இழந்த இதழாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்னும் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் பிள்ளைகளுடன் தெருவில் அமர்ந்து மறியல் செய்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வரவே, அரசும் செவிசாய்க்க வேண்டியதாயிற்று.

டெல்ஃப்ட் நகரில் அதற்கு முன்பே ஒரு முயற்சி தொடங்கியிருந்தது. அதற்கு ‘வோனெர்ஃப்’ என்று பெயர். குடியிருப்பு முற்றம் என நாம் கூறலாம். 1976இல் அது சட்டத் தகுதி பெற்றது. அத்தெருவின் முழு அகலமும் நடப்பவருக்கு உரியது; குழந்தைகள் அதில் விளையாடலாம். கார் வரலாம், ஆனால் மிக மெதுவாகத்தான் வரவேண்டும். மரங்களும் பூந்தொட்டிகளும் வளைவுகளும் விரைவாக ஓட்ட இடந்தருவதில்லை. ஓட்டுநரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அத்தெரு அமைக்கப்படவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேகம் முப்பது கிலோமீட்டரிலிருந்து ஐம்பதாக உயர்ந்தால் மோதும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகிறது. எனவே வேகம் குறைந்த தெருவில் அனைவரும் கலந்து செல்வர். வேகம் மிகுந்த சாலையில் மிதிவண்டிக்குத் தனிப்பாதை உண்டு.

ஹான்ஸ் மாண்டர்மன் என்னும் பொறியாளர் இன்னும் ஒரு படி சென்றார். டிராக்டன் நகரின் நெரிசல் மிக்க சந்திப்பொன்றில் சைகை விளக்குகளையே அகற்றச் செய்தார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வழிவிடுவர் என்பது அவர் கொள்கை. கண் பார்வையற்றவர் என் செய்வார்? இவ்வினாவுக்கு அக்கொள்கையில் நிறைவான விடை இல்லை என்றே எண்ணுகிறேன். நடைபாதை விளிம்பையும் நீக்கிய இத்தகைய சமதளத் தெருக்களை நிறுத்திவைக்குமாறு 2018இல் பிரித்தானிய அரசு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டதற்கு மாற்றுத்திறனாளிகளின் முறையீடே காரணம்.

நெதர்லாந்திலும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. 2023இல் சாலையில் இறந்த 684 பேருள் 270 பேர் மிதிவண்டியில் சென்றோர். ஆயினும் மூவாயிரம் எங்கே, 684 எங்கே!

இந்தியாவில் 2022இல் சாலையில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். சைகை விளக்கில்லாத கடவையில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை கூறுகிறது. பல ஊர்களில் அவ்விதிக்குத் துணையாக உள்ளது வெள்ளைக்கோடு ஒன்றே. அதுவும் ஒரு மழைக்காலத்தில் தேய்ந்துவிடுகிறது.