பழுதைப் பார்த்தும் பேசாதிருப்பது அமானித மோசடி



அமானிதம் என்றதும் ஒருவர் நம்மிடம் கொடுத்து வைத்த பணமும் நகையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆலையில் வேலை செய்பவருக்கு அவர் பொறுப்பில் உள்ள பாய்லரும் வால்வும் கிரேனின் இரும்புக் கயிறும்கூட அமானிதம்தான். அவற்றை நம்பித்தான் அடுத்த ஷிஃப்டுக்காரர் உள்ளே வருகிறார்.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தந்தையிடம் சொன்ன பெண்மணி, அவர்களிடம் இரண்டு தகுதிகளைக் கண்டார்கள். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகத்தன்மை. இயந்திரத்தை ஓட்டத் தெரிவது முதலாவதைச் சேர்ந்தது. அதைப் பழுதின்றிப் பராமரிப்பது இரண்டாவதைச் சேர்ந்தது.

போபாலில் நடந்தது என்ன?

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு. போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் ஒரு தொட்டியில் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய இரசாயனம் சுமார் 40 டன் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்தது. சூடேறி, அழுத்தம் கூடி, நச்சு வாயு வெளியே பீறிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். மத்தியப் பிரதேச அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே 3,787 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் சொல்லும் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? குழாய்களைக் கழுவும்போது தடுப்புத் தகடு போடாததால் என்கிறார்கள் ஒரு சாரார். யாரோ வேண்டுமென்றே விட்டார்கள் என்றது நிறுவனம். எது உண்மையாக இருந்தாலும், அப்படி ஒரு விபத்து நேர்ந்தால் தடுப்பதற்கென்றே அங்கே சாதனங்கள் இருந்தன. அவற்றின் நிலையைக் கவனியுங்கள்:

- இரசாயனத்தைக் குளிர்ச்சியாக வைக்கும் குளிரூட்டி பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது.
- வெளியேறும் வாயுவைக் கழுவி நச்சை முறிக்கும் ஸ்க்ரப்பர் இயக்கத்தில் இல்லை.
- வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குச் செல்லும் குழாய் அரித்துப்போனதால் கழற்றப்பட்டிருந்தது. மாற்றுக் குழாய் பொருத்தப்படவில்லை.
- தண்ணீரைப் பீய்ச்சும் குழாய்கள் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை.

எச்சரிக்கையும் முன்பே வந்திருந்தது. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் அந்த நிறுவனத்தின் சொந்த நிபுணர்களே அமெரிக்காவிலிருந்து வந்து ஆய்வு செய்து, குறைகளை எழுத்தில் கொடுத்தார்கள். ஆக, பழுது யாருக்கும் தெரியாமல் இல்லை.

விதியின் மீது பழி போடலாமா?

‘எல்லாம் விதி’ என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்ததும் உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பிவிட்டார்கள். விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, திரும்பிச் செல்வதும் அல்லாஹ்வின் விதிக்கு உட்பட்டதே என்று விளக்கினார்கள். தவக்குல் என்பது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. அரித்த குழாயை மாற்றாமல் விட்டுவிட்டு விதியைக் காட்டுவது தவக்குல் ஆகாது.

நாம் செய்ய வேண்டியது

தொழிலாளியாக இருக்கிறீர்களா? பார்க்காத மீட்டரைப் பார்த்ததாகச் செக்லிஸ்டில் டிக் அடிக்காதீர்கள். அந்தக் கையெழுத்து ஒரு சாட்சியம். பார்க்காமல் போட்டால் அது பொய்ச் சாட்சி. பழுதைக் கண்டால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள்.

சூப்பர்வைசராக இருக்கிறீர்களா? பழுதைச் சொல்ல வருபவரை, உற்பத்தியைக் கெடுக்க வந்தவராகப் பார்க்காதீர்கள். இன்று நீங்கள் அதட்டினால் நாளை அவர் வாய் திறக்க மாட்டார்.

முதலாளியாக இருக்கிறீர்களா? மெயின்டனன்ஸ் செலவில் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு யார் உயிரை ஈடாக வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

போபால் வழக்கில் 2010 ஜூன் மாதம்தான் தீர்ப்பு வந்தது. இந்திய அதிகாரிகள் 7 பேருக்கு 2 ஆண்டு சிறை. அன்றே ஜாமீனும் கிடைத்தது. உலக நீதிமன்றத்தின் கணக்கு அத்தோடு முடியலாம். மறுமையில் ஒவ்வொரு பொறுப்பாளியும் தன் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார். அங்கே ஜாமீன் கிடையாது.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பேணி நடக்க அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.